கேக்குக்கு விஸ்கி ஊட்டுவது எப்படி?

அயர்லாந்தில் கிறிஸ்துமஸ் கேக் சுட உகந்த நாள் எது என்று எப்போது கேட்டாலும் பதில் ஒன்றுதான்: போன வாரம். நீங்கள் எவ்வளவு சீக்கிரம் தொடங்கினாலும் பக்கத்து வீட்டம்மாள் அதற்கு முன்பே சுட்டு, ஆறவைத்து, டின்னில் போட்டு மூடியிருப்பார். ஆகவே பிந்திவிட்டோமே என்ற பதற்றத்தை முதல் சேர்மானமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே பொது விடுமுறை. பள்ளிகளுக்கும் அந்த வாரம் லீவு. வெளியே மழை, உள்ளே பிள்ளைகள், சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. அந்த வாரத்திலேயே சுட்டு முடிக்கிறவர் உத்தமர். நவம்பர் நடுவில் சுடுகிறவர் நம்மைப் போன்றவர். டிசம்பரில் சுடுகிறவரைப் பற்றி அடுத்த தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்; வீட்டில் ஏதாவது கஷ்டமோ என்னவோ என்று.

இந்தக் கேக்கைச் சுடுவது அரை நாள் வேலை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அதைக் காவல் காக்க வேண்டும், அதன் பொருட்டுச் சண்டை போட வேண்டும், கடைசியில் எப்படியாவது அதைத் தீர்த்துக்கட்ட வேண்டும். சமையல் புத்தகங்கள் அந்த அரை நாளோடு கையைக் கழுவிவிடுகின்றன. பாக்கியை இந்தக் கையேடு சொல்லித்தரும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று அங்கே சாப்பிடும் பார்ம்ப்ராக் வேறு, இது வேறு. அது உலர்திராட்சை போட்ட ரொட்டி. உள்ளே ஒரு மோதிரம் ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். கிறிஸ்துமஸ் கேக்கில் எதிர்காலம் எதுவும் ஒளிந்திருப்பதில்லை, பல்லில் மாட்டும் திராட்சை விதையைத் தவிர. இரண்டையும் குழப்பிக்கொண்டு இதற்குள் மோதிரத்தைப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கனத்துக்குள் போனது லேசில் வெளியே வராது.

இனி சாமான் பட்டியல். 23 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு, குட்டியாகக் கறுத்திருக்கும் கரன்ட், பொன்னிறச் சுல்தானா, பருத்த ரெய்சின் ஆகிய மூன்று வகை உலர்திராட்சையும் சேர்ந்து ஒரு கிலோ. சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரி 100 கிராம், அதேபோல் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 100 கிராம். வெண்ணெய் 225, பழுப்புச் சர்க்கரை 225, மாவு 280, பாதாம் பொடி 50 கிராம். முட்டை பெரிதானால் ஐந்து, சிறிதானால் ஆறு. பட்டை, ஜாதிக்காய், கிராம்பு கலந்த மசாலாப்பொடி ஒரு தேக்கரண்டி. விஸ்கி 70 மில்லி, முதல் தவணையாக.

ஒரு கிலோ பழத்துக்கு 280 கிராம் மாவு என்பதைக் கவனியுங்கள். மாவுக்கு இதில் சாட்சிக் கையெழுத்துப் போடும் வேலை மட்டும்தான். அந்த மாவையும் அயர்லாந்துக் கடைகளில் ‘க்ரீம் மாவு’ என்று கேட்டு வாங்க வேண்டும். பெயரில்தான் க்ரீம், பையைப் பிரித்தால் சாதாரண மைதா.

பாரம்பரியம், பாட்டி கைப்பக்குவம் என்றெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன் அந்தப் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். கரன்ட் கிரேக்கத்திலிருந்து வருகிறது. சுல்தானா துருக்கியிலிருந்து. பட்டை இலங்கைப் பக்கம். பாதாமோ ஆரஞ்சோ அயர்லாந்து மழையில் விளைவதாக யாரும் சொன்னதில்லை. சர்க்கரையாவது உள்ளூர் பீட்ரூட்டில் எடுத்ததாக ஒரு காலத்தில் இருந்தது. கார்க் மாவட்டம் மேலோவில் இருந்த கடைசிச் சர்க்கரை ஆலையும் 2006இல் மூடியாயிற்று. சத்தியம் செய்து ஐரிஷ் என்று சொல்லக்கூடியவை வெண்ணெய், முட்டை, விஸ்கி, வாக்குவாதம். கேக் நிற்பது இந்த நான்கின் மேல்தான் என்பதால் கவலைப்பட வேண்டாம்.

கப்பல் வராத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. உலகமே பற்றி எரிந்தபோது அதற்கு ‘அவசர நிலை’ என்று மட்டும் பெயர் வைத்து, வெளியே சென்றால் குடை கொண்டுபோகும் ஜாக்கிரதையோடு அந்த ஆறு வருஷத்தைக் கடந்தார்கள். தேயிலை ரேஷன் 1941இல் ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் என்ற அளவுக்கு இறங்கியது. அதாவது 14 கிராம். உலர்திராட்சைக்கும் அதே தட்டுப்பாடு. கேக்கைவிடத் தேநீருக்குத்தான் அதிகம் அழுதார்கள் என்பது என் ஊகம்.

விஸ்கிக்கு வருவோம். பெரிய பாட்டில் வேண்டாம். ‘நாகின்’ என்று கேளுங்கள். 200 மில்லி பிடிக்கும் சின்னத் தட்டைப் பாட்டிலை எடுத்துத் தருவார்கள். ஊறவைக்க 70 மில்லி போக, மீதி 130 மில்லி பின்னால் ஊட்டுவதற்கு. ஸ்காட்லாந்து விஸ்கியை ஊற்றலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். கேக் கெட்டுப்போகாது, உங்கள் பெயர் கெட்டுப்போகும்.

மது அருந்தாதவர்கள் வீட்டில் இருந்தால் சற்று நுணுக்கம் தேவை. ஜேம்ஸ் கல்லன் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1898இல் டப்ளினில் ஒரு மதுவிலக்குச் சங்கம் தொடங்கினார். அதன் உறுப்பினர்களுக்குப் ‘பயனியர்’ என்று பெயர். ஆயுளுக்கும் ஒரு சொட்டு தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, திரு இருதயப் படம் போட்ட சிறு பதக்கத்தைக் கோட்டில் குத்திக்கொள்வார்கள். உங்கள் பெரியப்பா அப்படிப்பட்டவரானால், கேக்கில் இருப்பது சத்தியத்துக்குள் வருமா வராதா என்ற கேள்வியை யாரும் எழுப்பக்கூடாது. அவர் எழுப்ப மாட்டார். தட்டை மட்டும் நீட்டுவார். இரண்டாம் தரம் நீட்டும்போதும் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பழத்தையெல்லாம் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, விஸ்கியை ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் திறந்தால் அளவு குறைந்திருக்கும். திராட்சை விஸ்கியை உறிஞ்சியது என்பது விஞ்ஞான விளக்கம். அப்படி உறிஞ்சினால் திராட்சை உப்பத்தானே வேண்டும், எண்ணிக்கை எப்படிக் குறையும் என்று சமையலறைப் பக்கம் நடமாடுகிறவர்களைப் பார்த்துச் சத்தமாகக் கேளுங்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இதற்காகவே 50 கிராம் கூடுதலாக வாங்குவது நல்லது.

அடுத்தது டின்னுக்குக் காகிதம் போடுவது. குடும்பங்கள் உடைவது இந்த இடத்தில்தான். உள்ளே எண்ணெய்க் காகிதம் இரண்டு அடுக்கு, அடியிலும் சுற்றுச்சுவரிலும். வெளியே பழுப்புத் தாளையோ செய்தித்தாளையோ மடித்துச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்ட வேண்டும். மூன்றரை மணி நேரம் அடுப்பில் இருக்கப்போகிற பொருள். இந்தச் சட்டை இல்லாவிட்டால் நடு வேகுமுன் ஓரத்துப் பழச்சர்க்கரை கருகிக் கசந்துவிடும். கயிற்றைக் கட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் விரலை வைக்க, ஒருவர் முடிச்சுப் போட. அந்த விரலும் முடிச்சுக்குள் போகும். போன பிறகு பேசப்படும் வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது.

செய்தித்தாளை எடுக்கும்போது மரண அறிவிப்புப் பக்கத்தைப் பெரியவர்கள் படித்துவிட்டார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் தலைப்புச் செய்தியைத் தவறவிட்டவரை மன்னிப்பார்கள். யார் இறந்தார், எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்கு அடக்கம் என்பது தெரியாமல் இருக்க முடியாது. கேக்கைச் சுற்றி அடுப்புக்குள் போய்விட்ட பக்கத்தில் அந்த அறிவிப்பு இருந்தால், மூன்றரை மணி நேரத்துக்குக் குடும்பமே அடுப்புக் கண்ணாடி வழியாகத் தலையைச் சாய்த்துப் படிக்கும்.

வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவது முட்டையில் கலவை திரிந்துபோகும். எல்லோருக்கும் திரியும். ஒரு கரண்டி மாவைப் போட்டு மூடி மறைத்துவிட்டு மேலே செல்லுங்கள். செர்ரியைக் கழுவித் துடைத்து மாவில் புரட்டிப் போடாவிட்டால் மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வெட்டும்போது மேல் பாதி ஏழை வீடாகவும் கீழ்ப் பாதி பணக்கார வீடாகவும் தெரியும்.

கடைசியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் வந்து ஒரு தரம் கிண்டி, மனசுக்குள் எதையாவது வேண்டிக்கொள்ள வேண்டும். கைவலிக்கும் வேலையைப் பக்தியாக மாற்றிப் பிறர் தலையில் கட்டிய அந்த முதல் பெண்மணியை வணங்குகிறேன். பதினைந்து வயதுப் பையன் என்ன வேண்டிக்கொண்டான் என்று கேட்காதீர்கள். கலவையை டின்னில் கொட்டி, நடுவில் ஒரு குழி பறியுங்கள். வேகும்போது அது நிமிர்ந்து மட்டமாகிவிடும். மறந்தால் கேக்குக்குத் தொப்பை விழும். அதன் மேல் எந்தப் பொம்மையும் நிற்காது.

160 டிகிரியில் தொடங்கி, ஒரு மணி நேரம் கழித்து 140க்கு இறக்கி, மொத்தம் மூன்று முதல் மூன்றரை மணி. உங்கள் அடுப்புக்குள் காற்றாடி இருந்தால் 20 டிகிரி குறைக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்பதை அன்றுதான் ஆராய்வீர்கள், கையேடு தொலைந்திருக்கும். அந்த நேரம் முழுக்க வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தக்கூடாது. அடுப்பைத் திறந்து பார்க்கக்கூடாது. வெளியே போகக்கூடாது. வீட்டுக்கு வருகிறவரை உள்ளே விடலாம், கதவை அவர் எப்படிச் சாத்துவார் என்பது தெரிந்தால்.

வெந்ததா என்று அறிய ஒரு நீளமான ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். ஈரமாக வந்தால் வேகவில்லை என்று அர்த்தம். அல்லது ஊசி ஒரு திராட்சைக்குள் போய்வந்தது என்று அர்த்தம். ஒரு கிலோ பழத்துக்கு நடுவே ஊசி பழத்தில் படாமல் போனால்தான் அதிசயம். அதைவிட நம்பகமான பழைய முறை ஒன்று உண்டு. கேக்கை வெளியே எடுத்து, அதன் அருகே காதைக் கொண்டுபோய்க் கேளுங்கள். உள்ளே ஈரம் கொதிக்கும் மெல்லிய இரைச்சல் வரும். பலமாக இரைந்தால் திரும்ப உள்ளே வையுங்கள். அடங்கியிருந்தால் வெந்துவிட்டது. கேக்கோடு காதை வைத்து நிற்கும் உங்களைப் பார்த்துப் புதிதாக வந்த மருமகன் திகைத்தால், உதட்டில் விரலை வைத்துச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். போகப் போகப் பழகிவிடுவார்.

சுட்ட கதை முடிந்தது. இனிதான் வளர்ப்பு.

கேக்குக்கு விஸ்கி ‘ஊட்டுவது’ என்றேதான் அங்கே சொல்கிறார்கள். முழுக்க ஆறிய பிறகு மேலே ஊசியால் அங்கங்கே குத்தி, ஒரு மேசைக்கரண்டி விஸ்கியைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காகிதத்தில் சுற்றி, அலுமினியத் தாளில் சுற்றி, டின்னில் வைத்து மூட வேண்டும். வாரம் ஒருமுறை இப்படி. ஒரு வாரம் மேலே, மறுவாரம் கவிழ்த்துப் போட்டு அடியில். பழத்திலுள்ள சர்க்கரையும் இந்தச் சாராயமும் சேர்ந்து ஈரத்தைக் கட்டி வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கேக் மாதக்கணக்கில் கெடாமலிருக்கும் ரகசியம் அதுதான். அயர்லாந்துச் சட்டப்படி விஸ்கி என்று விற்கக் குறைந்தது மூன்று வருஷம் மரப்பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். அது மூன்று வருஷம் காத்திருந்ததே, நீங்கள் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாதா?

இதில் ஆபத்து பட்டினி அல்ல, அஜீரணம். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊட்டுவார். அவர் மறந்திருப்பார் என்று புதன்கிழமை அப்பா ஊட்டுவார், தனக்கும் கொஞ்சம். வெள்ளிக்கிழமை வரும் அத்தை டின்னை முகர்ந்து பார்த்து, பாவம் காய்ந்துபோய்க் கிடக்கிறதே என்று தன் பங்குக்கு இரண்டு கரண்டி விடுவார். மூவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல மாட்டார்கள். நவம்பர் கடைசியில் டின்னைத் திறக்கும்போது அருகில் மெழுகுவத்தி எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிகாரம்: டின் மூடியில் தேதி, கையெழுத்தோடு ஒரு சீட்டு. டின்னை அலமாரியின் உச்சியில் வைப்பது வழக்கம். ஆளுக்கு எட்டாது என்பது நம்பிக்கை. நாற்காலி என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்டதை அலமாரியில் வைக்கிறவர் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது கேக்காகவே சுட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு, அமெரிக்காவுக்கு என்று அனுப்பக் கடைசித் தேதிகளை அஞ்சல் துறை வருஷா வருஷம் அறிவிக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. தபால் செலவு கேக்கின் விலையைத் தாண்டும். சிட்னியில் இருக்கிற பெண் தனக்கு இந்தக் கேக் பிடிக்காது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒரு காரணமே அல்ல. அனுப்பாமல் பாருங்கள், அழுதுகொண்டு போன் செய்வாள்.

டிசம்பர் 8, மாதா திருநாள். கிராமத்து ஜனங்கள் ஒரு காலத்தில் கடைவீதிக்காக டப்ளினுக்கு வண்டி ஏறிய நாள் அது. அதை ஒட்டி ஊட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த வாரம் மேலே பாதாம் அடுக்கு: பாதாம் பொடி, சர்க்கரை, முட்டை சேர்த்துப் பிசைந்த கெட்டியான பசை. நம் பாதாம் அல்வாவுக்கு நெய் சேராத ஒன்றுவிட்ட தங்கை. கேக்கின் மேல் ஆப்ரிகாட் ஜாமைத் தடவி அதன்மேல் இந்தப் பசையைத் தேய்த்துப் பரப்பிச் சில நாள் காயவிட வேண்டும். காயாமல் ஐசிங் போட்டால் பாதாம் எண்ணெய் கசிந்து வெள்ளையில் மஞ்சள் படரும். ஒவ்வொரு வீட்டிலும் இந்த அடுக்கை உரித்துத் தட்டோரம் ஒதுக்குகிறவர் ஒருவர் உண்டு. அவர் பக்கத்தில் உட்காரப் போட்டியும் உண்டு. இடத்தை இப்போதே பேசி வையுங்கள்.

அதற்கு மேல் ராயல் ஐசிங். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரை மாவும் அடித்து, எலுமிச்சைச் சாறும் இரண்டு சொட்டு கிளிசரினும் சேர்க்க வேண்டும். கிளிசரினை மறந்தால் வெட்ட வாள் வேண்டும். இது நகைச்சுவையல்ல, வரலாறு: ‘மிஸ் ஃபோகார்ட்டியின் கிறிஸ்துமஸ் கேக்’ என்று 1883இல் அமெரிக்காவில் ஒரு பாட்டு வந்தது. ஐரிஷ் பெண்மணி ஒருத்தி சுட்ட கேக்கைத் தின்ன முயன்று விருந்தாளிகள் படும் பாடுதான் முழுப் பாட்டும். எழுதியவர் ஃபிராங்க் ஹார்ன். இன்றைக்கும் கிறிஸ்துமஸில் பாடுகிறார்கள். உங்களைப் பற்றியும் பாட்டு வராமலிருக்கக் கிளிசரினை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஐசிங்கை மட்டமாக வழித்துவிட வித்தை தெரிந்தவர் மிகச் சிலர். மற்றவர்கள் முள்கரண்டியால் கொத்திக் கொத்தி எழுப்பிவிட்டுப் பனி என்பார்கள். அயர்லாந்துக் கிறிஸ்துமஸில் பனி அபூர்வம். 2010 டிசம்பரில் நிஜமாகக் கொட்டி நாடே தடுமாறியது. மற்ற வருஷங்களில் பெய்வது மழை. மழையை ஐசிங்கில் காட்ட முடியாது என்பதால் இந்தப் பொய்யை எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பனிமேட்டின் மேல் பொம்மைகள்: ஒரு பிளாஸ்டிக் சாண்டா, அவரைவிடப் பெரிய ராபின் குருவி, மூன்று காலில் சாய்ந்து நிற்கும் மான். புதிது வாங்க நினைக்காதீர்கள். மானின் நாலாவது கால் எந்த வருஷம் யார் கையால் போயிற்று என்பது குடும்ப வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று கேக்கை யாரும் சாப்பிட மாட்டார்கள். வான்கோழி, பன்றித்தொடை, மூன்று விதமாக உருளைக்கிழங்கு, அதன்மேல் தீ வைத்துக் கொண்டுவந்த புட்டிங் எல்லாம் முடித்துச் சோபாவில் சரிந்து கிடக்கிறவர்களிடம் கேக்கைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வார்கள். மறுநாள் புனித ஸ்டீபன் தினத்திலிருந்து வரும் விருந்தாளிகள்தான் அதற்கான ஆட்கள். விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார். மறுபடி கேட்டால், ஐயையோ வயிறு நிறைய என்பார். மூன்றாவது தரம் கேட்கும்போது ஒரு சின்னத் துண்டு என்பார். இரண்டாவது தரத்தோடு நிறுத்தினீர்களானால் அந்த உறவு முடிந்தது. நமக்கு இது புதிய பாடமில்லை. ‘ஃபாதர் டெட்’ தொலைக்காட்சித் தொடரில் தேநீரை வற்புறுத்தியே ஊற்றும் மிஸஸ் டாயிலை அந்த நாடே தன் சொந்தச் சித்தியாகப் பார்த்துச் சிரித்தது.

பாராட்டுகளைப் புரிந்துகொள்ளவும் பயிற்சி வேண்டும். ‘நல்ல ஈரமா இருக்கு’ என்பது உச்சப் பாராட்டு. ‘அலங்காரம் பிரமாதம்’ என்றால் வாயில் வைக்கவில்லை. ‘எத்தனை மணி நேரம் அடுப்பில் வைத்தீர்கள்?’ என்று அக்கறையாகக் கேட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வருஷம்வரை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

விருந்தாளியாக நீங்கள் கேக்கைச் சுமந்து போகிறவரானால் ஒரே ஒரு புத்திமதி. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ‘க்ளே’ என்ற கதை இருக்கிறது. மரியா இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் கொடுத்து ஒரு பிளம் கேக் வாங்கி டிராமில் ஏறுகிறாள். மரியாதையான ஒரு பெரிய மனிதர் இடம் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறார். இறங்கிப் போன பிறகுதான் கேக் கையில் இல்லை என்று தெரிகிறது. இலக்கிய விமர்சகர்கள் அந்தக் கதையில் என்னென்னவோ காண்கிறார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் கேக்கை மடியை விட்டு இறக்கக்கூடாது என்பதுதான்.

ஜனவரி 6, பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க், கெர்ரி பக்கம் விசேஷம். அன்று பெண்கள் வேலை எதுவும் செய்வதில்லை. தோழிகளோடு உட்கார்ந்து தேநீரும் மிச்சக் கேக்கும் சாப்பிடுவார்கள். சமையலும் பாத்திரமும் ஆண்கள் பொறுப்பு. ஆண்களுக்கான செய்முறை சுருக்கமானது: தேநீர் போடு, கேக்கை வெட்டி வை, வெளியே போ. அன்றோடு கேக் தீர்ந்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தீராவிட்டால் டின்னிலேயே இருக்கட்டும். ஈஸ்டருக்கும் நன்றாகவே இருக்கும்.

இதையெல்லாம் டிசம்பர் 20க்குப் பிறகு வாசிக்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். ஊரில் கன்ட்ரி மார்க்கெட் நடக்கும் நாளில் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். கிராமத்துப் பெண்கள் தங்கள் அடுப்பில் சுட்ட கேக்கை அங்கே விற்பார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினாலும் கிடைக்காது. வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டைக் கிழியுங்கள். அவர்கள் வைத்த பொம்மையை எடுத்துவிட்டு உங்கள் மூன்று கால் மானை நடுங்கள். சமையலறை மேடையில் கொஞ்சம் மாவைத் தூவிவிடுங்கள். யார் சுட்டது என்று கேட்டால் அம்மாவுடைய செய்முறை என்று மட்டும் சொல்லுங்கள். எந்த அம்மா என்று யாரும் கேட்கப்போவதில்லை.